கப்பி மீனுக்குக் கலர் அடிச்சது யாரு?

இன்னிக்குக் கதை ஒரு மீன் கடையில ஆரம்பிக்குது.

லாக்டவுன் முடிஞ்ச சமயம். வீட்டுலயே உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்த்துப் பார்த்து கண்ணு பூத்துப் போச்சு. பக்கத்துல உயிரோட ஏதாவது அசைஞ்சா நல்லா இருக்கும்னு தோணுச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை கொளத்தூர் கிளம்பிட்டேன். சென்னைக்காரங்களுக்குத் தெரியும், வண்ண மீன்னா கொளத்தூர்தான்.

கடையில ஒரு தொட்டி முழுக்க கப்பி மீன். சிவப்பு, நீலம், மஞ்சள், விசிறி மாதிரி வால். பக்கத்துத் தொட்டியில கொஞ்சம் பெருசா, மங்கலான சாம்பல் நிறத்துல வேற மீன்கள். "இது என்ன மீன்ணே?"ன்னு கேட்டேன்.

கடைக்காரர் சிரிச்சாரு. "அதுவும் கப்பிதான் தம்பி. பொட்ட மீன். கலர் எல்லாம் ஆணுக்குத்தான். இது குட்டி போடுறதுக்கு மட்டும்."

ரெண்டு ஜோடி வாங்கிட்டு வந்துட்டேன். ஆனா அவர் சொன்ன கடைசி வரி மட்டும் மண்டையை விட்டுப் போகவே இல்ல. ஒரே இனம், ஒரே தண்ணி, ஒரே சாப்பாடு. அப்புறம் ஏன் ஒருத்தருக்கு மட்டும் இவ்வளவு கலர்? இதைத் தேட ஆரம்பிச்சப்போதான் தெரிஞ்சுது, இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க நூறு வருஷத்துக்கு மேல ஆயிருக்கு. அவ்வளவு லேட் ஆனதுக்கு ஒரு முக்கியமான காரணம், "குட்டி போடுறதுக்கு மட்டும்"கிற அந்த நினைப்பு. கடைக்காரர் மட்டும் இல்ல, பெரிய பெரிய விஞ்ஞானிகளும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைச்சாங்க.

டார்வினுக்கு வந்த தலைவலி

1859-ல் டார்வின் இயற்கைத் தேர்வு பற்றிய தன்னோட புத்தகத்தை வெளியிட்டார். பிழைக்க உதவுற குணம் நிலைக்கும், பிழைப்பைக் கெடுக்கிற குணம் மறையும். சிம்பிளான லாஜிக். ஆனா அடுத்த வருஷமே அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதின கடிதத்துல, மயில் தோகையைப் பார்த்தாலே தனக்குக் குமட்டுதுன்னு புலம்புறார். ஏன்னா அந்தத் தோகை அவரோட லாஜிக்குக்குள்ள அடங்கல. அவ்வளவு பெரிய வாலைத் தூக்கிட்டு ஓடுறது கஷ்டம், ஒளிஞ்சுக்கறதும் கஷ்டம். அப்போ அது மறைஞ்சு போயிருக்கணுமே?

1871-ல் வந்த புத்தகத்துல அவர் விரிவா ஒரு பதில் சொன்னார். அதுதான் பாலினத் தேர்வு. பிழைச்சா மட்டும் போதாது, வாரிசும் வேணும். அதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, ஆணும் ஆணும் மோதி ஜெயிக்கிறவன் வாரிசு பெறுவது. மான் கொம்பு இதுக்கு நல்ல உதாரணம். ரெண்டாவது, பெண் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது. மயில் தோகை அந்தக் கணக்கு. அந்தப் புத்தகத்துல மீன்களுக்கும் தனியா பக்கங்கள் ஒதுக்கியிருக்கார். இன்னிக்கு நம்ம மீன் கடைகள்ல விக்கிற வாள்வால் மீனோட வால்கூட அதுல வருது.

முதல் வழியைப் பெரும்பாலானவங்க எளிதா ஏத்துக்கிட்டாங்க. ஆண்கள் சண்டை போடுறதை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க இல்லையா? ரெண்டாவதுலதான் பிரச்சினை. மைவார்ட்னு ஒரு உயிரியலாளர், அந்தப் புத்தகத்துக்கு எழுதின விமர்சனத்துல, பெண்ணோட ஆசை நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும், அப்படிப்பட்ட சபலத்தால நிலையான நிறம் எப்படி உருவாகும்னு கேட்டார். இந்த மைவார்ட்டை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவார்.

அதைவிடப் பெரிய எதிர்ப்பு வாலஸ்கிட்ட இருந்து வந்துச்சு. இயற்கைத் தேர்வை டார்வினோட சேர்ந்து கண்டுபிடிச்ச அதே ஆல்ஃப்ரட் ரஸ்ஸல் வாலஸ்தான். நாம கேக்கிற கேள்வியே தலைகீழ்னு அவர் நினைச்சார். ஆண் ஏன் பளபளன்னு இருக்குன்னு கேக்காதீங்க, அது அவனோட உடல் வலிமையில இருந்து தானா பொங்கி வருது. பெண் ஏன் மங்கலா இருக்குன்னு கேளுங்க. அடைகாக்கிறப்போ எதிரி கண்ணுல படக் கூடாது, அதனால மங்கல். நிறத்தை முடிவு பண்றது வேட்டையாடுற எதிரிதான், பெண்ணோட ரசனை இல்லைங்கிறது அவரோட கட்சி.

டார்வின் 1882-ல் இறந்துட்டார். அதுக்கப்புறம் வாலஸ் கட்சிதான் ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு. நடுவுல 1915-லயும் 1930-லயும் ரொனால்ட் ஃபிஷர், அதாவது நம்ம புள்ளியியல் புத்தகத்துல வர்ற அதே ஃபிஷர், ஒரு கணக்குச் சொன்னார். கலரான ஆணைப் பிடிக்கிற பெண்ணுக்குப் பிறக்கிற மகனுக்கு அப்பாவோட கலர் வரும், மகளுக்கு அம்மாவோட ரசனை வரும். கலரும் ரசனையும் ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டே ஒவ்வொரு தலைமுறையும் ஏறும். நம்ம பாஷையில சொன்னா பாசிட்டிவ் ஃபீட்பேக் லூப். அழகான யோசனை. ஆனா பல வருஷம் அதைப் பெருசா யாரும் கண்டுக்கல.

டார்வினா, வாலஸா? பெண்ணோட கண்ணா, எதிரியோட கண்ணா? வாதம் பண்ணி இதைத் தீர்க்க முடியாது, டெஸ்ட் பண்ணணும். அதுக்கு வேகமா தலைமுறை மாறுற, நிறம் பளிச்சுன்னு தெரியுற, எதிரி இருக்கிற இடமும் இல்லாத இடமும் பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ஒரு உயிரினம் வேணும்.

டிரினிடாட்டின் அருவிகள்

கரீபியன் கடல்ல, வெனிசுவேலா கரைக்குப் பக்கத்துல இருக்கிற தீவு டிரினிடாட். அங்க வாழ்ந்த இயற்கை ஆர்வலர் ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி, ஒரு குட்டி மீனைப் பிடிச்சு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பினார். 1866-ல் அதுக்கு அவர் பெயரையே வச்சாங்க. அப்புறம் பார்த்தா, ஒரு ஜெர்மன்காரர் 1859-லயே வெனிசுவேலா மீனை வச்சு வேற பெயர் கொடுத்திருந்தார். அறிவியல் விதிப்படி முதல்ல வச்ச பெயர்தான் செல்லும். ஆனா கப்பிங்கிற பெயர் ஊர் வாயில ஒட்டிக்கிச்சு. கொளத்தூர் வரைக்கும் வந்துடுச்சு.

டிரினிடாட்டோட வடக்குப் பக்கம் மலைத்தொடர். அதுல இருந்து சின்னச் சின்ன ஆறுகள் இறங்குது, நடுவுல நிறைய அருவி. கீழ்ப்பகுதியில பைக் சிக்லிட்னு ஒரு வேட்டை மீன் இருக்கு, வளர்ந்த கப்பியை அப்படியே விழுங்கிடும். அதால அருவி ஏற முடியாது. மேல் ஓடைகள்ல ரிவுலஸ்னு ஒரு சின்ன மீன்தான் இருக்கு, அது பெரும்பாலும் குட்டிக் கப்பிகளைத்தான் தின்னும். ஆக, ஒரே ஆறு, ஒரே மீன். அருவிக்குக் கீழ ஆபத்து, மேல கிட்டத்தட்ட நிம்மதி. யாரோ உட்கார்ந்து டிசைன் பண்ணின மாதிரி இருக்கு இல்ல?

இதை நல்லாக் கவனிச்சவர் கேரில் ஹாஸ்கின்ஸ். பின்னாடி அமெரிக்காவுல கார்னகி இன்ஸ்டிடியூஷனுக்குத் தலைவரா இருந்தவர். அவரும் அவர் மனைவி எட்னாவும் சக ஆய்வாளர்களும் டிரினிடாட் ஓடைகள்ல வேலை செஞ்சாங்க. எதிரி அதிகமா இருக்கிற இடத்துல ஆண் கப்பி மங்கல், எதிரி குறைவான இடத்துல பளிச். பளிச்சுன்னு இருக்கிற ஆணுக்குப் பெண் துணை எளிதா கிடைக்குது, ஆனா எதிரி வாயிலயும் அவன்தான் முதல்ல மாட்டுறான். 1961-ல் இதை எல்லாம் எழுதினாங்க.

ஆனா இது கோரிலேஷன்தான். மேல் ஓடைக்கும் கீழ் ஆத்துக்கும் எதிரி மட்டுமா வித்தியாசம்? வெளிச்சம் வேற, தண்ணியோட வேகம் வேற, சாப்பாடு வேற. எதிரிதான் காரணம்னு எப்படிச் சொல்றது?

பத்துக் குளங்கள்

இங்கதான் ஜான் எண்ட்லர் உள்ள வர்றார். 1970-கள்ல பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துல இருந்தவர். கண்ணாடிக் கூரை போட்ட பசுமைக்குடில் ஒண்ணுல 10 குளம் கட்டினார். டிரினிடாட்டோட பல ஓடைகள்ல இருந்து கொண்டுவந்த கப்பிகளைக் கலந்து விட்டார். முதல் ஆறு மாசம் எதிரியே இல்ல. அப்புறம் 4 குளத்துல பைக் சிக்லிட்டை விட்டார், 4-ல் ரிவுலஸ், மீதி 2 குளத்துல எதுவும் இல்ல. நம்ம ஆபீஸ்ல பட்டன் கலரை மாத்திப் பார்க்க ஏ-பி டெஸ்ட் ஓட்டுறோமே, அதேதான். இங்க பட்டனுக்குப் பதிலா பசியோட இருக்கிற ஒரு மீன்.

சில மாசத்துலயே வித்தியாசம் தெரிய ஆரம்பிச்சுது. 14 மாசம் கழிச்சு எண்ணினப்போ தெளிவாயிடுச்சு. பைக் சிக்லிட் இருந்த குளங்கள்ல ஆண் மீன்களோட புள்ளி எண்ணிக்கை குறைஞ்சு போச்சு. மத்த குளங்கள்ல புள்ளி ஏறிக்கிட்டே போச்சு.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அடுத்த விஷயம். குளத்தோட அடியில கலர் கலரான கூழாங்கல் பரப்பியிருந்தார். சில குளத்துல பொடிக்கல், சில குளத்துல பெரிய கல். வேட்டை மீன் இருந்த குளங்கள்ல, பொடிக்கல்லுக்கு மேல வாழ்ந்த ஆண்களுக்குச் சின்னப் புள்ளி, பெரிய கல்லுக்கு மேல வாழ்ந்தவங்களுக்குப் பெரிய புள்ளி. தரையோட தரையா கலந்து ஒளியுறாங்க. ஆபத்து இல்லாத குளங்கள்ல அப்படியே உல்டா. பொடிக்கல் மேல பெரிய புள்ளி, பெரிய கல் மேல சின்னப் புள்ளி. அதாவது தரையில இருந்து தனியா எடுத்துக் காட்டுற மாதிரி.

கொஞ்சம் நிதானமா யோசிங்க. எதிரியை எடுத்துட்டா, ஒளியுறதுக்கான அவசியம் மட்டும்தானே போகணும்? புள்ளி எப்படி வேணும்னாலும் இருந்துட்டுப் போகலாமே. அப்படி நடக்கல. வேணும்னே காட்டிக்கிற பக்கம் போகுது. யாரோ ஒருத்தர் பார்க்கிறாங்க, அந்தப் பார்வைக்கு மதிப்பு இருக்கு. அது யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. நான் காசு கொடுத்து வாங்கிட்டு வந்த அந்தச் சாம்பல் நிற மீன்தான்.

சரி, ஸ்டேஜிங்ல ஓடினது ப்ரொடக்‌ஷன்லயும் ஓடுமா? எண்ட்லருக்கும் அதே கேள்வி. 1976-ல் டிரினிடாட்டோட அரிப்போ ஆத்துல, பைக் சிக்லிட் இருக்கிற கீழ்ப்பகுதியில இருந்து 200 கப்பிகளைப் பிடிச்சார். மேல இருக்கிற ஒரு கிளை ஓடையில விட்டார். அந்த ஓடையில ரிவுலஸ் மட்டும்தான் இருந்துச்சு, கப்பியே கிடையாது. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கழிச்சு, 1978-ல் போய்ப் பார்த்தார். சுமார் 15 தலைமுறை ஓடியிருந்துச்சு. மங்கலான முன்னோருக்குப் பிறந்த ஆண்கள் இப்போ கலர் கலரா நீந்திட்டு இருந்தாங்க. 1980-ல் இந்த முடிவுகளை எல்லாம் வெளியிட்டார்.

இங்க நான் ஒரு தப்பைத் திருத்திக்கணும். ரொம்ப நாள் முன்னாடி ஒரு எபிசோட்ல, பரிணாமத்தை நேர்ல பார்க்க முடியாது, அதுக்கு லட்சக்கணக்கான வருஷம் ஆகும்னு பெரிய ஆள் மாதிரி சொல்லியிருந்தேன். அது தப்பு. ரெண்டு வருஷம் போதும். ஒரு பைக் லோன் கட்டி முடிக்கிறதுக்குள்ள ஒரு மீன் கூட்டம் நிறம் மாறிடுது.

அப்போ டார்வினா, வாலஸா? ரெண்டு பேரும் பாதி சரி. வாலஸ் சொன்ன எதிரி நிஜம், அது புள்ளியைக் குறைக்குது. டார்வின் சொன்ன பெண்ணும் நிஜம், அவள் புள்ளியை ஏத்துறாள். ஓர் ஆண் கப்பியோட உடம்புல நாம பார்க்கிறது, இந்த ரெண்டு பார்வைக்கும் நடுவுல அந்தந்த ஓடையில படிஞ்ச சமரசம். ஓடை மாறினா சமரசமும் மாறும்.

அவள் எதைப் பார்க்கிறாள்?

அடுத்த கேள்வி, பெண் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறாள்? 1980-கள்ல ஆன் ஹூட்ங்கிற ஆய்வாளர் இதை உட்கார்ந்து கவனிச்சார். டிரினிடாட்டோட பரியா ஆத்துக் கப்பிகள்ல, அதிக ஆரஞ்சு இருக்கிற ஆண்கள்கிட்ட பெண்கள் அதிகமா நெருங்கினாங்க. 1990-ல் ஹூடும் எண்ட்லரும் சேர்ந்து பல ஓடை மீன்களை ஒப்பிட்டாங்க. ஆண்கள் அதிக ஆரஞ்சா இருக்கிற ஓடைகள்ல பொதுவா பெண்களோட ஆரஞ்சு மோகமும் அதிகம். நிறமும் ரசனையும் ஜோடியா நகருது. ஃபிஷர் காகிதத்துல போட்ட கணக்கு எதிர்பார்க்கிறதும் இதைத்தான்.

ஏன் ஆரஞ்சு? அந்த நிறத்துக்கு வேண்டிய கரோட்டினாய்டை மீனால சொந்தமா தயாரிக்க முடியாது. பாசி மாதிரி சாப்பாட்டுல இருந்துதான் வரணும். அதனால பளிச்சுன்னு ஆரஞ்சு இருந்தா, இவன் நல்லாத் தேடித் தின்னு ஆரோக்கியமா இருக்கிறவன்னு ஒரு தகவல் கிடைக்குது. பொய்யா அச்சடிக்கிறது கஷ்டமான ரேஷன் கார்டு மாதிரி.

இன்னொரு யோசனையும் இருக்கு. டிரினிடாட் ஓடைகள்ல சில சமயம் மரத்துல இருந்து ஆரஞ்சு நிறப் பழங்கள் விழும். கப்பிகள் ஓடி வந்து கொத்தித் தின்னும். 2002-ல் ஹெலன் ராட்டும் சக ஆய்வாளர்களும், ஓடையிலும் தொட்டியிலும் சின்ன வண்ண வட்டுகளைப் போட்டுப் பார்த்தாங்க. ஆண், பெண் ரெண்டுமே ஆரஞ்சு வட்டைத்தான் அதிகமா கொத்துச்சு. எந்த ஓடைப் பெண்களுக்கு ஆரஞ்சு ஆண்கள் மேல மோகம் அதிகமோ, அந்த ஓடை மீன்கள் ஆரஞ்சு வட்டையும் அதிகமா தேடி வந்துச்சு. அப்போ பழத்து மேல இருந்த ஆசைதான் முதல்ல வந்திருக்கலாம். ஆண் அந்தப் பழைய ஆசையை உபயோகப்படுத்திக்கிட்டான்.

இன்னொண்ணும் சொல்லணும், இல்லைன்னா படம் முழுமையாகாது. எல்லாமே பெண் கையில இருக்குன்னு சொல்ல முடியாது. ஆட்டம் காட்டிச் சம்மதம் வாங்காம, பின்னால வந்து திருட்டுத்தனமா இணைய முயற்சி பண்ற ஆண்களும் உண்டு. வேட்டை மீன் அதிகமான இடங்கள்ல பெண்களோட கவனம் எதிரி மேல போயிடுது, அப்போ இந்தத் திருட்டு முயற்சிகளும் பொதுவா அதிகமாகுது. தேர்ந்தெடுக்கிறதுக்கும் கொஞ்சம் பாதுகாப்பு தேவைப்படுது.

மைவார்ட் திரும்ப வர்றார்

ஞாபகம் இருக்கா? பெண்ணோட ஆசை மாறிக்கிட்டே இருக்கும், அதனால நிலையான நிறம் உருவாகாதுன்னு சொன்னவர்.

காட்டு ஆண் கப்பிகளைக் கிட்டப் போய்ப் பார்த்தா ஒரு விசித்திரம். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. ஒரே ஓடையிலயே புள்ளி இருக்கிற இடம், அளவு, நிறம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரி ஆண்தான் பிடிக்கும்னா, கொஞ்ச தலைமுறையிலயே எல்லா ஆணும் ஜெராக்ஸ் காப்பி ஆகியிருக்கணும். ஏன் ஆகல?

2013-ல் கிம்பர்லி ஹியூஸும் சக ஆய்வாளர்களும் நேச்சர் இதழ்ல ஒரு பதில் கொடுத்தாங்க. டிரினிடாட்டோட இயற்கையான ஓடைகள்லயே, எந்த வகை ஆண் அங்க அபூர்வமோ, அந்த வகைக்கு அதிகமா துணை கிடைச்சுது, அதிகமா வாரிசும் பிறந்துச்சு. இன்னிக்கு அபூர்வமா இருக்கிற டிசைன், வாரிசு பெருகப் பெருக நாளைக்குச் சாதாரணம் ஆயிடும். அப்போ வேற ஒண்ணு அபூர்வம் ஆகும், அது மேல வரும். இந்தச் சுழற்சியால எந்த டிசைனும் முழுசா ஜெயிக்கிறதும் இல்ல, முழுசா தோத்துப் போறதும் இல்ல.

மைவார்ட் கவனிச்சது ஒரு விதத்துல சரி. கப்பிப் பெண்ணோட ரசனை ஒரே இடத்துல நிக்காது. ஆனா அதுல இருந்து அவர் எடுத்த முடிவுதான் தலைகீழ். எதை அவர் சபலம்னு ஒதுக்கித் தள்ளினாரோ, அதுதான் அந்த ஓடையோட அத்தனை நிறத்தையும் காப்பாத்திட்டு இருக்கு. 1871-லயே இதை ஒரு நிஜமான சக்தியா எடுத்துக்கிட்டிருந்தா, நிறைய வருஷம் மிச்சமாகியிருக்கும். தேர்ந்தெடுக்கிற மூளை பெண்ணுக்கு இருக்குன்னு ஒத்துக்கத்தான் மனசு வரல.

இதை அப்படியே மனுஷங்க மேல ஒட்டி, "பார்த்தியா, இயற்கையே இப்படித்தான்"னு வாட்ஸ்அப்ல யாரும் அனுப்பாதீங்க. நம்ம வீட்டுப் பெண் பார்க்கிற படலத்துக்கு மீன் சாட்சி சொல்லாது. ஆனா அந்தக் காலத்து விஞ்ஞானிகள் எதை எல்லாம் பார்க்காம விட்டாங்கங்கிறது, மீனைப் பற்றிச் சொல்றதைவிட அவங்களைப் பற்றித்தான் அதிகம் சொல்லுது.

கடைசியா என் வீட்டுத் தொட்டிக்கு வர்றேன். அங்க பைக் சிக்லிட் இல்ல. தேர்ந்தெடுக்கிற வாய்ப்பும் பெண்ணுக்கு முதல்ல கிடைக்கல. கொளத்தூர்ல அந்த விசிறி வாலைத் தேர்ந்தெடுத்தது நான்தான். வளர்க்கிறவங்க தலைமுறை தலைமுறையா பெரிய வாலுள்ள ஆணையே பொறுக்கி இணை சேர்த்ததுக்குக் காரணம், என்னை மாதிரி வாங்குறவங்களோட கண்ணு. அவ்வளவு பெரிய வாலை இழுத்துட்டு என் மீன் நீந்துற வேகத்தைப் பார்த்தா, அரிப்போ ஆத்துல ஒரு மத்தியானம்கூடத் தாங்காதுன்னு தோணுது.

போன மாசம் அதே கடைக்குத் திரும்பப் போனேன். அண்ணன்கிட்ட இந்தக் கதை முழுக்கச் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, வலையைத் தண்ணியில விட்டுக்கிட்டே ஒரு கேள்வி கேட்டாரு: "அப்போ இந்தப் பொட்ட மீன்தான் பெயின்ட்டருங்கிறியா?"

ஆமாண்ணே. அவளேதான்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.